நான் ஆற வைத்த தீக்குழி

படித்தவர்கள் செய்யும் முட்டாள்தனத்தில் ஒரு வசதி உண்டு. யாரும் குறுக்கே வந்து தடுக்க மாட்டார்கள். என்னையும் அன்று யாரும் தடுக்கவில்லை.

அப்போது நான் கோலாலம்பூரில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தேன். அண்டவெளியில் கோடி டிகிரிச் சூட்டில் பரந்து கிடக்கும் வாயு, ஒளியை வீசி வீசி எப்படி ஆறுகிறது என்று கணினியில் கணக்கிடுவதுதான் வேலை. வாயு எங்கே நெருக்கமாக இருக்கிறதோ அங்கே துகள்கள் அதிகம் மோதும், ஒளியும் அதிகம் வெளியேறும், சீக்கிரம் ஆறிவிடும். நான்கு வருடம் இதையே பார்த்த எனக்கு, உலகத்தில் சூடான எல்லாமே இப்படித்தான் ஆறும் என்ற நினைப்பு.

லிங்கி ஊர்ப் பக்கம் நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தீமிதி. என் ஆய்வு நல்லபடியாக முடியவேண்டும் என்று லாரி ஓட்டும் என் அண்ணன் சேகர் விரதம் இருந்தான். மதியம், தீக்குழியைப் பார்த்துக்கொள்ளும், தோட்டத்தில் கங்காணியாக இருந்த மண்டோர் மாமா தணலை மெல்லிசாகப் பரப்பிக்கொண்டிருந்தார். நான் போய், பரப்பாதீர்கள், நெருக்கிக் குவியுங்கள், அப்போதுதான் சீக்கிரம் ஆறும் என்றேன். லேப்டாப்பைத் திறந்து வரைபடமும் காட்டினேன். (தீக்குழி ஓரத்தில் லேப்டாப்! நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.) மாமா தலையைச் சொறிந்தார். தோட்டத்திலிருந்து முதன்முதலாக டாக்டராகப் போகிற பெண் சொல்கிறாளே என்று குவித்தார்.

என் வாயுவில் உள்ளே பிறக்கும் ஒளி தடையில்லாமல் வெளியே போய்விடும். தணலிலோ மேலே இருப்பது உள்ளே இருப்பதை மூடிக்கொள்ளும், உள்ளே எரிந்துகொண்டும் இருக்கும். கரியடுப்பு மூட்டிய யாருக்கும் இது தெரியும். எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் குவியலைக் கலைத்துப் பரப்பியதும் மற்றவர்கள் வழக்கம்போல வேகவேகமாகக் கடந்தார்கள். அண்ணனிடம் மட்டும் நான் சொல்லிவைத்திருந்தேன்.

“பதறாம மெதுவா நடண்ணே, ஆறியிருக்கும்.”

நம்பினான். மெதுவாகவே நடந்தான். கடைசியில், தீக்குழி முடிவில் பால் ஊற்றிவைத்திருக்கும் பால்குழியில் கால் வைத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

எங்கள் தோட்டத்தில் கால் வெந்தால் தணலைக் குறை சொல்ல மாட்டார்கள், விரதம் கெட்டது என்பார்கள். அன்றும் சுற்றி நின்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

“முந்தாநாளு லுக்குட் டவுன்ல கோழி தின்னுட்டேன்லா.”

அவன் தின்னவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அழுதேன்.

“சும்மா இரு பாப்பா. நான் கோழி தின்னா சிரிச்சிட்டுப் போயிருவாங்க. நீ டோக்டராவப் போறவ.”

ஒரு மாதம் அவனால் லாரி ஏற முடியவில்லை. அதற்குப் பிறகு தீமிதிக்குப் பெயர் கொடுக்கப் போனால், கோயிலில் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மனிடம் அவ்வளவு பயபக்தி உள்ளவன் அவன்.

எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்துவிட்டது. வீட்டில் எப்போது கோழி சமைத்தாலும், “அப்பாவுக்கு முதல்ல வைங்க, விரதமா இருப்பாரு” என்று அவன் மகளே கிண்டலடிக்கிறாள். எல்லோருக்கும் முன்னால் அண்ணன்தான் சிரிக்கிறான். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுகிறேன்.