பூட்டுக்காரர் இன்ஜின் மாற்றிய படலம்

சாவி தொலைத்தோர் துயர் துடைத்தவரே, பூட்டிய கதவுக்கு வெளியே நின்று கைபிசைந்த ஆயிரம் குடும்பங்களை அவரவர் அடுப்படிக்குத் திருப்பி அனுப்பிய வள்ளலே, பித்தளையின் உள்மனம் அறியும் பெருவிரலும் இரும்பின் பெருமூச்சைக் கேட்கும் இடச்செவியும் ஒருங்கே வாய்த்தவரே, கடைவீதி வளைவில் நான்கடி அகலக் கடையில் வீற்றிருந்து அரசாண்ட பூட்டுக்காரரே, உம்மை முதற்கண் வணங்கினோம். உம் மூக்கு நுனியில் விழவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் தத்தளித்த கண்ணாடியை வணங்கினோம். மூன்று திருகாணிகளைப் பல்லில் கவ்வியபடியே நீர் அடித்த சீழ்க்கையையும், அது எந்தப் பாட்டு என்று கடைசிவரை எவருக்கும் பிடிபடாத அதன் மர்மத்தையும் வணங்கினோம். துருவே, நீயும் கேள். எண்ணெய்ப் பிசுக்கே, நீ நகத்திடுக்கில் அமர்ந்து சாட்சி சொல். ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் நீடித்த பெரும்போரின் வரலாறு இது.

போருக்குக் காரணமானது, முன்னால் மூக்குக் குட்டையாய், பின்னால் வாலே இல்லாமல், பின்கதவை மேலே தூக்கித் திறக்க வேண்டிய ஒரு சின்னக் கார். வயது இருபத்தாறு. குளிர்ந்த காலைகளில் சோக்கை இழுத்து, மூன்று முறை மிதித்து, நான்காம் முறை மிதிக்காமல் பொறுத்து, நாலு நல்ல வார்த்தை சொன்னால் மட்டுமே கண்விழிக்கும் அந்தக் கார்புரேட்டர் வண்டியில்தான் பூட்டுக்காரர் தம் மனைவியாகிய தையற்காரியை, தைத்து முடித்த துணிமூட்டைகளோடு, கடைகடையாகக் கொண்டுபோய் இறக்கிவந்தார். ஒருநாள் மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில், நாற்பது சட்டைகளும் ஒரு தையற்காரியும் உள்ளே இருக்க, அந்த இன்ஜின் ஒருமுறை இருமிற்று, ஒருமுறை கனைத்தது, பிறகு தன் உள்ளுறுப்புகளில் ஒன்றைத் தார்ச்சாலையில் வீசியெறிந்துவிட்டு வீரமரணம் எய்திற்று. தையற்காரி ஒரு சொல்லும் சொல்லாமல் இறங்கி, மூட்டையில் பாதியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

அந்த மௌனம்தான் பூட்டுக்காரரின் நெஞ்சில் ஈட்டியாய்ப் பாய்ந்தது. சில ஆண்டுகளாகவே அவள் அவரிடம் எதையும் வாங்கிவரச் சொல்வதில்லை. சொன்ன நூல் ஒன்று, வந்த நூல் வேறு என்று நூறுமுறை ஆனபிறகு, திட்டுவதையும் விட்டுவிட்டு, தானே பஸ் ஏறிப்போய் நூல்கண்டு வாங்கத் தொடங்கியிருந்தாள். சண்டை போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாயிருந்திருக்கும். அவளுக்கென்று அவர் செய்யக்கூடிய வேலை என்று மிச்சமிருந்தது இந்தக் கார் ஓட்டம் ஒன்றுதான். அதுவும் மேம்பாலத்தில் எண்ணெய் கக்கிக் கிடந்தது. வேறொருவராயிருந்தால் வண்டியைத் தலைமுழுகிவிட்டு வேறு வேலை பார்த்திருப்பார். திறக்காத பூட்டு என்று உலகில் ஒன்று கிடையாது, சரியாகக் காதுகொடுக்காத ஆள்தான் உண்டு என்னும் கொள்கையில் நாற்பத்தொன்பது ஆண்டு வாழ்ந்த அவருக்கு அது ஆகவில்லை.

இவ்விடத்தில் மைத்துனன் தோன்றுகிறான், ஒதுங்கி வழிவிடுங்கள். தையற்காரியின் தம்பி, நகரப் பேருந்தின் நாயகன், தொந்திக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஒரு விரற்கடை மட்டும் இடைவெளி விட்டு, எதிர்ப்படும் வாகனங்களையெல்லாம் புருவத்தாலேயே ஓரங்கட்டும் ஆற்றலாளன். அவன் கொணர்ந்த செய்தி இது. பழைய இரும்புக் கிடங்கில் அதே கம்பெனியின் அதே சின்னக் கார், ஆனால் பதினைந்து வயது இளையது, பின்னாலிருந்து லாரி முட்டியதில் பாதியாய்ச் சுருங்கிக் கிடக்கிறது. முன்பாதியில் இன்ஜினுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதில் கார்புரேட்டர் என்ற பேச்சே கிடையாது. எத்தனை துளி பெட்ரோலை எந்த நொடியில் பனிபோல் பீய்ச்ச வேண்டும் என்பதை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி பார்த்துக்கொள்ளும். சோக் வேண்டாம், மிதிக்க வேண்டாம், நல்ல வார்த்தையும் வேண்டாம். கேட்கக் கேட்கப் பூட்டுக்காரரின் கண்ணாடி மூக்கிலிருந்து தானாக மேலேறிற்று.

தையற்காரி அதைக் கண்டாள். அளவு நாடாவை வெற்றிமாலையாய்க் கழுத்தில் அணிந்தவளும், ஒன்பது மடிப்புத் துணியை ஒரே கோட்டில் வெட்டும் கத்தரிக்கு உரியவளுமாகிய அவள், வாசற்படியில் நின்று தன் அரசாணையைப் பிறப்பித்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் வேலை கைக்கு வந்திருக்கிறது. இரண்டு புது மெஷினும் ஒரு வெட்டுமேசையும் வரப்போகின்றன. கார் நிற்கும் ஷெட்டை விட்டால் அவற்றுக்கு இந்த வீட்டில் இடமில்லை.

"ஏழு ஞாயித்துக்கிழமை தர்றேன். ஏழாவது ஞாயிறு நாலு மணிக்குக் கிடங்கு லாரிய வரச் சொல்லியாச்சு. அதுக்குள்ள ஓடினா வண்டி, தெருவுல நிக்கட்டும்; ஓடலைன்னா இரும்பு."

முதல் ஞாயிறு கிடங்கின்மேல் படையெடுப்பு நிகழ்ந்தது. துருப்பிடித்த போல்ட்டுகள் கோட்டைச் சுவரின் கடைசிக் காவலர்கள்போல் நின்ற இடத்திலேயே தலை உருண்டன. ஹோஸ்கள் தண்ணீரைக் கக்கிச் சரணடைந்தன. நண்பகலுக்குள் இன்ஜின் கைவசமாயிற்று. ஆனால் இன்ஜினிலிருந்து கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போகும் வயர்க் கற்றை மட்டும், டாஷ்போர்டின் அடியில், நசுங்கிய தகடுகளின் பிடியில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பூட்டுக்காரர் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க மல்லாந்து படுத்து, அரைமணி நேரம், கோபித்துக்கொண்ட குழந்தையிடம் பேசுவதுபோல் அதனிடம் பேசிப்பார்த்தார். மைத்துனனுக்கோ பஸ் எடுக்க நேரமாகிவிட்டது. அவன் கட்டிங் பிளேயரை உருவினான். நறுக், நறுக், நறுக். நாற்பத்தொரு வயர்களும் இரண்டு துண்டாயின.

"கலரைப் பாத்துச் சேத்துக்கலாம் மாமா. இது ஒரு பெரிய விஷயமா?"

மாவீரர்களின் விதி பெரும்பாலும் இப்படித்தான், பஸ்ஸுக்கு நேரமான ஒருவனால் எழுதப்படுகிறது.

அடுத்த மூன்று ஞாயிறுகளின் வீரத்தை விரித்துரைக்க ஏடு போதாது. ஷெட்டின் உத்தரத்தில் செயின் பிளாக் கட்டி, கூண்டிலிருந்து சிங்கத்தை இறக்குவதுபோல் இன்ஜினை அங்குலம் அங்குலமாக இறக்கியதையும், இறங்கும்போது அது சற்றே ஆடி மைத்துனனின் தொந்தியைத் தொட்டு முகமன் கூறியதையும், பழைய டாங்குக்குள் புதிய பெட்ரோல் பம்பை நுழைக்கப் பூட்டுக்காரர் தோள்வரை கைவிட்டு ஒரு பொழுதெல்லாம் அப்படியே கிடந்ததையும், எல்லாம் பொருந்தியபின் பானட் மட்டும் இரண்டு விரற்கடை மூடாமல் வாய்பிளந்து நின்றதையும் சுருக்கமாகவே சொல்லி நகர்கிறோம். பானட்டை மூட மைத்துனன் அதன்மேல் ஏறி உட்கார்ந்தான். இரண்டு விரற்கடை ஒரு விரற்கடை ஆயிற்று. அவன் உட்கார்ந்த வடிவமும் தகட்டில் அழியாச் சிற்பமாய்ப் பதிந்தது. மிச்சத்தைக் கயிற்றால் கட்டினார்கள்.

ஐந்தாம் ஞாயிறு வயர்ப்போர் மூண்டது. வெட்டுண்ட நாற்பத்தொரு முனைகள் இப்பக்கம், நாற்பத்தொரு முனைகள் அப்பக்கம், எதிரெதிர் அணிவகுத்து நின்றன. மைத்துனனுக்கு அன்று பகல் முழுதும் பஸ். பூட்டுக்காரர் தனியாகவே களம் புகுந்தார். நீலங்கள் எளிதில் பணிந்தன. மஞ்சள்கள் தாமாகவே கைகோத்தன. கறுப்பும் வெள்ளையும் வாதாடாமல் வந்தன. மிஞ்சியவை, ஒரே நிறத்துச் சீருடை தரித்த ஒரு பெருங்குலம். அந்தக் குலத்தில் எது எதற்கு உறவு என்பதை, பளபளப்பையும் மங்கலையும் நுணுக்கமாக ஒப்புநோக்கி, ஒவ்வொன்றாய் முறுக்கி, டேப் சுற்றி, மாலைக்குள் நாற்பத்தொரு திருமணங்களையும் நடத்தி முடித்துவிட்டு, அவர் சாவியைத் திருப்பினார்.

ரேடியேட்டர் ஃபேன் மட்டும் பெருமுழக்கத்தோடு சுழன்றது. அப்போதுதான் வேலை முடிந்து வந்த மைத்துனன், கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் அமர்ந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சைக் காட்டினான்.

"இன்ஜின் எப்படியோ மாமா, காத்து நல்லா வருது."

ஆறாம் ஞாயிறு பூட்டுக்காரர் சில தம்பதிகளைப் பிரித்து வேறு சில தம்பதிகளைச் சேர்த்தார். ஃபேன் நின்றது. அதற்குப் பதிலாக ஒரு ஃபியூஸ் பட்டென்று உயிர்நீத்தது. இன்னொன்றும் நீத்தது. மூன்றாவதை மாட்டுமுன் அவரே அதன் ஆத்மா சாந்தியடைய ஒரு நிமிடம் சும்மா நின்றார்.

ஏழாம் ஞாயிறும் விடிந்தது. காலையிலிருந்து ஐந்துமுறை சாவி திரும்பிற்று. ஐந்துமுறையும் ஸ்டார்ட்டர் மோட்டார், மூச்சிரைக்க ஓடிவந்து வாசல் வரை எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிப்போகும் விருந்தாளிபோல், உறுமி உறுமி அடங்கிற்று. பகல் ஒன்றரை மணிக்கு பாட்டரியும் சோர்ந்தது. சீழ்க்கை நின்றது. தலைநகரம் வீழ்ந்த மன்னனைப்போல் பூட்டுக்காரர் பம்பரின்மேல் அமர்ந்து, தம் இரு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேர் வீட்டுக் கதவைத் திறந்த கைகள். அவை இன்று எந்தத் தப்பைச் செய்தன என்று அவருக்கு விளங்கவில்லை.

அப்போது, வெட்டுமேசை எந்தச் சுவரோரம் நிற்கும் என்று அளப்பதற்காக, நாடாவோடு உள்ளே வந்தாள் தையற்காரி. சுவரை அளந்தாள். காரைச் சுற்றி வந்தாள். திறந்த கதவு வழியே டாஷ்போர்டின் அடியில் தொங்கிய வயர்க் கற்றையில் அவள் பார்வை விழுந்தது. மாறிய நூலால் போட்ட தையல் எந்தச் சட்டையில் இருந்தாலும் பத்தடி தூரத்திலிருந்தே உறுத்தும் கண்கள் அவை.

"என்னங்க, இந்தப் பச்சையை ஏன் ப்ரௌனோட சேத்து முடிஞ்சிருக்கீங்க?"

"எந்தப் பச்சை?" என்றார் பூட்டுக்காரர்.

தையற்காரி குனிந்து, கற்றையிலிருந்து ஒரு வயரைத் தனியே இழுத்துப் பிடித்தாள்.

"இது என்ன கலர்?"

"ப்ரௌன்."

"இது?"

"அதுவும் ப்ரௌன்தான். கொஞ்சம் வெயில் பட்டிருக்கு."

மைத்துனன் சிரிப்பதற்காகத் திறந்த வாய், அக்காளின் ஒரு பார்வையில், சிரிக்காமலே மூடிற்று.

அறிக உலகீர்: மனைவி என்றும் பெண்டாட்டி என்றும் ஒருத்தியையே ஆளுக்கொரு விதமாய்ச் சொல்வதுபோல, பச்சை என்றும் பழுப்பு என்றும் சனங்கள் சொல்வது ஒரே நிறத்துக்கான இரண்டு பேச்சு வழக்குகள் என்றே பூட்டுக்காரர் பிறந்ததுமுதல் நம்பிவந்தார். இலையில் இருந்தால் பச்சை, மரத்தில் இருந்தால் பழுப்பு. இதில் எவருக்கும் எந்தக் குழப்பமும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. எனவே அவரும் எவரிடமும் கேட்டதில்லை. பித்தளையும் இரும்புமே உலகமாய்க் கொண்ட தொழிலில் யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை. பழைய இன்ஜினில் வயர் என்று இருந்ததே ஒரு கைப்பிடி. அவற்றை அவர் இடத்தை வைத்தே அறிவார். நாற்பத்தொரு வயர்களோடு புதிய காலம் வந்து வாசலில் நின்றபோதுதான், பிறவியிலிருந்தே பூட்டிக்கிடந்த அந்தக் கதவு தட்டப்பட்டது.

தையற்காரி வாளியிலிருந்து தம்பியை எழுப்பிவிட்டுத் தான் அமர்ந்தாள். நாடாவைச் சுருட்டினாள். பிரித்தாள். மறுபடி சுருட்டினாள்.

"அப்ப அந்த நூலெல்லாம்... நான் சொல்றதைக் காதுல வாங்காம, ஏதோ ஒண்ணை எடுத்துட்டு வர்றீங்கன்னுதானே நெனச்சேன்."

"நீ சொன்ன கலரைக் கடைவரைக்கும் சொல்லிக்கிட்டேதான் போவேன்," என்றார் அவர்.

அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். அக்கணமே சேனாதிபதி மாறினார்; சேனை அதுவேதான்.

அதன்பின் நடந்தது போரன்று, திருவிழாவுமன்று. அவர்கள் இருவருக்கும் தெரிந்த ஏதோ ஒரு வேலை. பாட்டரி ஒரு மூலையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்க, முந்திய மணங்கள் யாவும் ரத்து செய்யப்பட்டு, பாக்கு நிறம், தவிட்டு நிறம், இலைப்பச்சை, பாசிப்பச்சை, செங்கல், சிவப்புக் கோடு போட்ட கிளிப்பச்சை என்று, வெறும் இரண்டு சொல்லில் அடங்கிக்கிடந்த ஒரு குலத்தை அவள் பெயர்சொல்லிப் பெயர்சொல்லி அழைக்க, அழைத்தவற்றின் இரு முனைகளையும் அவள் விரலால் பிடித்துக்காட்ட, பூட்டுக்காரர் மறுபேச்சின்றி முறுக்கினார். அவள் கண், அவர் கை. டேப் வெட்டித் தருகிற பெரும்பொறுப்பு மைத்துனனுக்கு வழங்கப்பட்டது. முப்பத்தேழாவது வயரில் சீழ்க்கை திரும்பிற்று.

நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், யமனின் வாகனம்போல் கிடங்கு லாரி தெருமுனையில் திரும்பி, வாசலில் வந்து ஹாரன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நாற்பத்தொன்றாவது முடிச்சின்மேல் டேப் சுற்றிய பூட்டுக்காரர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தார். சாவியைப் போட்டார். ஆயிரம் சாவிகளை இழைத்த விரல்கள் இந்த ஒரு சாவியைப் பற்றின. சாவி திரும்பிற்று. முதல்முறை ஒரு பெருமூச்சு. இரண்டாம் முறை, மலைக்குகையில் நூறாண்டு துயின்ற வேங்கை சோம்பல் முறித்து எழுந்தாற்போல, தகரக் கூரை அதிர, அலமாரி டப்பாக்கள் யாவும் தாளம் போட, இளைய இன்ஜின் முதிய வண்டியின் வயிற்றுக்குள் விழித்தெழுந்து, மிதிக்காமல், இழுக்காமல், ஒரு நல்ல வார்த்தையும் எதிர்பாராமல், சீராகப் பேசத் தொடங்கிற்று.

லாரிக்காரர் ஒரு கணம் காதுகொடுத்துக் கேட்டார். வெறும் வண்டியோடு திரும்பிப்போனார்.

பிறகு புறப்பட்டது பார், ஊர்வலம். கயிற்றால் வாய்கட்டப்பட்ட பானட் நெற்றிப்பட்டமாய்த் துலங்க, தகட்டில் பதிந்த மைத்துனனின் வடிவம் விருதுச் சின்னமாய் முன்செல்ல, அதே மைத்துனன் பின்னிருக்கையில் முழங்கால்கள் தாடையைத் தொட மடங்கி அமர்ந்து வருவோர் போவோர்க்கெல்லாம் கையசைக்க, முன்னிருக்கையில் தையற்காரி கழுத்தில் நாடாவைக் கழற்ற மறந்து கொலுவிருக்க, பூட்டிய நாடுகள் அனைத்தையும் திறந்து மீளும் பேரரசரைப்போல் பூட்டுக்காரர் நெஞ்சு நிமிர்த்தி, தெருக்களைக் கடந்து, கடைவீதியைக் கடந்து, நாற்சந்திச் சிக்னலில் பஸ்களும் வேன்களும் புரவிப்படையும் யானைப்படையுமாய் இருமருங்கும் உறுமிநிற்க, அவற்றின் முன்னணியில் தம் தேரை நிறுத்தி, உலகை வெல்லும் அடுத்த பாய்ச்சலுக்காகக் காத்திருந்தார்.

"பச்சைங்க, போங்க," என்றாள் மனைவி.