முப்பத்திரண்டே நிமிடப் பயணம்

"இன்னிக்கும் விமானம் கிடையாதா?" என்றார் ட்ரெவர்.

ஆர்க்டிக் பனிக்கரையிலிருந்த நுவுக் விமான நிலையத்தின் ஒரே ஊழியரான யோவனசி சன்னலைக் காட்டினார். சன்னலுக்கு அந்தப் பக்கம் பனிப்புயல் இருந்தது, ஓடுபாதை இல்லை.

ட்ரெவர் தலைநகரத்து நிபுணர். நுவுக்கிலிருந்து தாசிக் நூற்றறுபது கிலோமீட்டர், பறந்தால் முப்பத்திரண்டே நிமிடம். ஆகவே இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே நர்ஸ் போதும் என்று நாற்பது பக்க அறிக்கையில் நிறுவியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் தாசிக் மேயர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் ட்ரெவரின் பதவி உயர்வு இன்னொருவருக்குப் போய்விடும்.

ஊரில் இருந்தது ஒரே விடுதி. அறைக்கு இரண்டு கட்டில். பக்கத்துக் கட்டில்காரர் குறட்டைக்கு நடுவே நல்ல மனிதர். ட்ரெவர் அவருக்கு அறிக்கையை முழுவதுமாகப் படித்துக் காட்டியிருந்தார்.

"புயல் நின்னதும் என் பனி வண்டியில, ஸ்னோமொபைல்ல ஏறிக்கோ தம்பி. அஞ்சு மணி நேரத்துல தாசிக்ல விட்டுடறேன்," என்றார் அவர்.

"முப்பத்திரண்டு நிமிஷப் பயணத்துக்கு அஞ்சு மணி நேரமா?"

"சரிதான். நீ படிச்சவன்," என்று அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் புதன். விமானம் வந்தது. உள்ளே தாசிக் கடைகளுக்குப் போகும் குழந்தைகளின் டயப்பரும் சோடா பெட்டிகளும் கூரைவரை இருந்தன. ட்ரெவர் தலைநகரத்துக்குப் போன் போட்டுக் கத்தினார். பெட்டிகளை இறக்கி அவரை ஏற்றினார்கள். டயப்பர் போச்சே என்று தாசிக் தாய்மார்கள் போன் போட்டு வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்தை அச்சில் போட முடியாது.

தாசிக் மேல் மூடுபனி. விமானம் வட்டமடித்தது, எங்கெங்கோ எண்ணெய் போட இறங்கியது, சாயங்காலம் தரை தொட்டது.

"எவ்வளவு நேரம் பறந்தே?" என்றார் விடுதியில் பக்கத்துக் கட்டில்காரர்.

"நாலரை மணி நேரம்."

"எங்கே போனே?"

"இங்கேதான்."

வியாழன். ட்ரெவர் விடியலிலேயே போய் விமானத்தில் முதல் ஆளாக உட்கார்ந்தார். யோவனசி வந்து தோளைத் தட்டினார்.

"எந்திரிங்க. கடல்நாய் வேட்டையில ஒருத்தருக்குக் கை முறிஞ்சுபோச்சு. நம்ம நர்ஸ் லீவு. தாசிக் நர்ஸ்கிட்ட அனுப்பணும். இருக்கிறது ஒரே சீட்டு."

"நான் அரசாங்க வேலையா வந்திருக்கேன்!"

"நீங்கதானே ஐயா ஒரு நர்ஸ் போதும்னு எழுதினது?"

ட்ரெவர் எழுந்தார்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு ஆர்க்டிக் மீன் சூப். பக்கத்துக் கட்டில்காரர் தன் கிண்ணத்தை வழித்துவிட்டு மறுபடி கேட்டார். "நாளைக்காவது வண்டியில வர்றியா?"

"கேலி பண்றீங்களா? அந்த மேயர் ஏற்கெனவே என்னைப் பொறுப்பில்லாதவன்னு நினைச்சிட்டிருப்பார். நான் விமானத்துலதான் போய் இறங்குவேன்."

"அப்படி ஒண்ணும் நினைக்க மாட்டார்," என்றார் அவர், மீன் முள்ளைக் கவனமாக எடுத்தபடி.

வெள்ளிக்கிழமை வானம் கண்ணாடி. ட்ரெவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பறந்தார். சரியாக முப்பத்திரண்டு நிமிடம்! அறிக்கையை நெஞ்சோடு அணைத்தபடி தாசிக் நிலையத்துக்குள் வெற்றிவீரனாக நுழைந்தார்.

"மேயரை உடனே வரச் சொல்லுங்க!"

தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆலாசி துடைப்பத்தை நிறுத்தினாள்.

"உங்களைப் பார்க்கணும்னு திங்கக்கிழமையே நுவுக் போனவரு இன்னும் திரும்பலையே. 'அந்த ஆளோட அறையிலதான் படுத்திருக்கேன், எத்தனை தடவை கூப்பிட்டாலும் என் வண்டியில ஏற மாட்டேங்கிறான்'னு நேத்துகூடப் போன்ல சொன்னாரே!"