சிரட்டையில் காய்ந்த மண்

தக்கலை,
வெள்ளிக்கிழமை காலை.

அன்புள்ள லிஜோ அண்ணனுக்குத் தங்கை பெமிலா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். சார்ஜாவில் உங்கள் சுகத்துக்காக அம்மா தினமும் இரண்டு வேளை ஜெபிக்கிறாள். அங்கே வெயில் அதிகம் என்று செய்தியில் சொன்னால் மூன்று வேளை.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நம் வீட்டில் போன் என்றால் ஸ்பீக்கரில்தான். நான் ஒரு வாக்கியத்தை யோசித்து எடுப்பதற்குள் அப்பா நான்கு பேசி வைத்துவிடுவார். வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாமென்று மூன்று தடவை பதிவு செய்தேன். என் குரலைக் கேட்டு எனக்கே வெட்கமாகி அழித்துவிட்டேன். லீவுக்கு வந்திருந்த ஷிஜின் நாளை சார்ஜாவுக்கு விமானம் ஏறுகிறான். அவன் கொண்டுவரும் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்துக்குள் இதை வைக்கிறேன். எண்ணெய்க் கறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் எனக்கு வேண்டியது ஒன்றுமில்லை. வீட்டு விசேஷம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

டிசம்பரில் நீங்கள் வந்து வாங்கப்போகும் காருக்கு வீட்டின் தென்பக்கம் ஷெட் போடலாம் என்று அப்பா சொன்னார். தென்பக்கம் என்றால் அம்மாவின் தோட்டம். அம்மா மறுநாள் மத்தியானம் அந்தத் தோட்டத்து வெண்டைக்காய், கத்திரிக்காய், பாவைக்காய், சேனை, மரச்சீனி என்று ஒன்றுவிடாமல் சமைத்து அப்பாவின் முன்னால் வரிசையாக வைத்துவிட்டு, தான் கஞ்சி குடித்தாள். அப்பா எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, "அந்த மண்ணு செத்துப்போச்சு ஜெயபாய். பயறு மஞ்சளடிச்சு நிக்கது கண்ணுல படலியா?" என்றார். "செத்துதுன்னு ஆரு சொன்னா? டாக்டரு வந்து பாத்தாரா?" என்றாள் அம்மா. அப்பா சுற்றிலும் பார்த்தார். நான் அகப்பட்டேன். "வீட்டுல கெமிஸ்ட்ரி படிச்ச பிள்ள இருக்கு. அவ பாத்துச் சொல்லட்டு. மண்ணு கொள்ளாம்னா தோட்டம் நிக்கட்டு. இல்லேன்னா திங்கக்கிழம கொத்தனார் ஸ்மைலின் வாரான்."

கல்லூரி கடைசி நாளில் எங்கள் மிஸ் எனக்கு ஒரு மண் பரிசோதனைப் பெட்டி தந்திருந்தார். ஐந்து கண்ணாடிக் குழாய், ஒரு வெள்ளைப் பொடி, நிறம் மாறும் திரவம் ஒரு குப்பி, நிற அட்டை ஒன்று. மண் ஏழுக்குக் கீழே புளிப்பா, மேலே காரமா என்று நிறம் சொல்லிவிடும். அட்டையைப் பார்த்தால் தப்பு நடக்கவே வழியில்லாதபடி எளிதாகத்தான் தெரிந்தது. ஐந்து இடத்தில் ஒரு சாண் தோண்டி எடுத்தேன், கல்லும் வேரும் பொறுக்கினேன், கிணற்றடிச் சுவரில் வரிசையாக ஐந்து சிரட்டை கவிழ்ந்து கிடந்ததை நிமிர்த்தி அதில் மண்ணைப் போட்டு நிழலில் காயவைத்தேன், சிரட்டையின் உள்ளே வெள்ளையாக இருந்ததைத் தேங்காய்ப் பிசிறு என்று நினைத்தேன், கிணற்றுத் தண்ணீர் ஆகாதென்று ஒர்க் ஷாப்பில் பேட்டரித் தண்ணீர் வாங்கப் போனேன், அங்கே நின்ற ஐந்து ஆண்களும் "எந்த வண்டிக்கு?" என்று ஒரே நேரத்தில் கேட்டதும் வாய் எழும்பாமல் "ஸ்கூட்டிக்கு" என்று சொல்லிவிட்டேன், நமக்கு ஸ்கூட்டி கிடையாது. அப்பா ரப்பர் பால் வெட்டி வந்து குளித்து, கோயிலுக்குப் போகும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுத் தாணம்மாள் அக்காவும் வந்துவிட்டார். மண்ணை அந்தத் தண்ணீரில் கலக்கிச் சொட்டு விட்டேன். ஐந்து மண்ணும் நீலம். அட்டையில் ஒன்பதுக்கு நேராக நின்றது. கடுங்காரம், ஒன்றும் விளையாது என்று வாசித்தேன். வாசிக்கும்போது அம்மாவைப் பார்க்கவில்லை.

"பாத்தியா! படிச்சவ சொல்லியாச்சு" என்று அப்பா எழுந்தார். அண்ணா, இதுவரை என் பட்டத்தைப் பற்றி அவர் வெளியே சொன்னதெல்லாம் அது எந்தச் சுவரில் தொங்குகிறது என்பது மட்டும்தான். அன்று சாயாக்கடை, ரேஷன் கடை, பாஸ்டர் வீடு எல்லா இடத்திலும் "எனக்க மவ மண்ணுக்க நோவு கண்டுபிடிச்சிட்டா" என்று சொல்லிவிட்டு வந்தார். உங்களுக்கும் போனில் சொன்னாராம்.

அம்மா குழாய்களைக் கழுவினாள். கழுவி முடித்து, "ஏட்டி, அந்தத் தண்ணியில மட்டும் சொட்டு விட்டுப் பாத்தியா?" என்றாள். எந்தச் சோதனைக்கும் முன்னால் வெறும் தண்ணீரை வைத்துப் பார்க்க வேண்டுமென்பது எங்களுக்கு முதல் வருடம் முதல் வகுப்பு. மூன்று வருடம் செய்தேன். வீட்டில் மறந்தேன். "இத ஆரும்மா உனக்குச் சொல்லித்தந்தா?" என்று கேட்டேன். "ஆரு சொல்லித்தரணும்? கறியில உப்பு கூடினா கருவாட்டுலயா தேங்காலயான்னு தனித்தனியா நக்கிப் பாக்கமாட்டமா? பெரிய சங்கதி!"

பேட்டரித் தண்ணீரைப் பார்த்தோம். பச்சை, அதில் குற்றமில்லை. "இனி அந்தச் சிரட்டைய அலசி ஊத்து." ஊற்றினேன். நல்ல நீலம், உங்கள் பள்ளிக்கூட நிக்கர் நிறம். அப்போதுதான் அம்மா சிரட்டையை முகர்ந்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். தென்னைமரத்துக்கு அடிக்க அப்பா சுண்ணாம்பு கோரிய சிரட்டைகள் அவை! நான் சோதித்தது நம் மண்ணை அல்ல, அப்பாவின் சுண்ணாம்பை.

மறுபடி தோண்டினோம். இந்தத் தடவை அம்மா எவர்சில்வர் தட்டு தந்தாள், எடுத்த இடத்தை அடையாளம் வைக்கக் குச்சி நட்டாள், தன் பாட்டுப் புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதிக்கொண்டாள். மண்ணைப் போட்டுச் சொட்டு விட்டதும் எனக்கு ஐந்தும் ஒரே மஞ்சளாகத் தெரிந்தது. அம்மா குழாய்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இது ஆறு. இது அதுக்குக் கீழ. வாழைமூட்டுல எடுத்தது அஞ்சர" என்றாள். நான் அட்டையோடு வைத்து வைத்துப் பார்த்தேன். சரிதான். பதினெட்டு வருடம் அண்டியாபீஸில் முந்திரிப் பருப்பை வெள்ளை, லேசாய்ப் பழுத்த வெள்ளை, சூடு பட்டது என்று ஒரு பார்வையில் தரம் பிரித்த கண் அல்லவா அது! அந்தக் கண்ணின் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அந்தக் கண் எப்படிப்பட்டது என்று இந்த வாரம்தான் கண்டேன்.

நம் மண் சாகவில்லை, அண்ணா. கொஞ்சம் புளித்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு மருந்து என்ன தெரியுமா? சுண்ணாம்பு. அளவாகத் தூவினால் பயறு தேறிவிடும்.

இப்போது தாணம்மாள் அக்கா தன் வீட்டு மண்ணோடு வருகிறார். என்னைக் கேட்பதில்லை, "ஜெயபாய் உண்டா?" என்கிறார். நேற்று அவர் ஒரே இடத்தில் வாரிக்கொண்டு வந்ததற்கு அம்மா, "ஒரு மீன மோந்து பாத்தா கூடை முழுக்கத் தெரியுமா? போய் அஞ்சு இடத்துல எடுத்துட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

வேறு விசேஷமில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஆண்டவர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
அன்புத் தங்கை பெமிலா

பி.கு: வேண்டியது ஒன்றுமில்லை என்று மேலே எழுதியது பொய். அப்பாவுக்கு இரண்டாவது சோதனை பற்றி இன்னும் தெரியாது. அம்மா சொல்லவில்லை. "அவரு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டுத் திரியாரு. உன்னத் தாழ்த்திட்டு எனக்கு ஒரு தோட்டம் வேண்டாம்" என்கிறாள். திங்கட்கிழமை ஸ்மைலின் மண்வெட்டியோடு வருவார். கார் ஷெட்டை முன்பக்கம் மாற்றச் சொல்லி நீங்களே அப்பாவிடம் பேசுங்கள், என் பிழையைச் சொல்லாதீர்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்தபின் அது சரியாகத் தோன்றவில்லை. படித்தவள் சொன்னது தப்பு என்று படித்தவளே சொல்ல வேண்டும். சொல்லிவிடுவேன். ஆனால் என்னை உங்களுக்குத் தெரியும். ஒரு ஸ்கூட்டிப் பொய்யைத் திருத்தவே எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அப்பா கூப்பிடும்போது, ஸ்மைலினை ஒரு வாரம் கழித்து வரச்சொல்லுங்கள். காரணம் எதுவானாலும் சரி. ஒரு வாரம் போதும், அண்ணா.