எல்லைக் கல்லுக்கு எந்தப் பக்கம்

இல்க்லி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி ஆர்னால்டுக்கு,

உன் அக்கா மியூரியல் எழுதிக்கொள்வது. நான் நலம், என் முழங்கால்கள் நலமில்லை, அவற்றைப் பற்றி நீ விசாரிக்கப் போவதில்லை என்பதால் மேலே செல்கிறேன். உன் இருமல், உன் தக்காளிச் செடிகள், உன் காதுக் கருவி ஆகிய மூன்றும் சௌக்கியமாக இருக்கும் என நம்புகிறேன். நேற்றுத் தொலைபேசியில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கருவியைக் கழற்றிவிட்டாய். கடிதத்தை அப்படிக் கழற்றி வைக்க முடியாது என்பதால் இது.

'பிறப்பால் யார்க்ஷயர்காரன்' என்று கையொப்பமிட்டு, சென்ற வாரம் செய்தித்தாளில் நீ எழுதியதைப் படித்தேன். வியாழக்கிழமை லீட்ஸின் ஹெடிங்லி மைதானத்தில் தொடங்கும் டெஸ்டுக்கு, நம் யார்க்ஷயரின் பிராட்ஃபோர்டில் பிறந்த நதீம் குரேஷியை ஒதுக்கிவிட்டு நியூசிலாந்தில் பிறந்த ஒரு பையனைத் தேர்வாளர்கள் எடுத்தது இங்கிலாந்துக்கே அவமானம் என்கிறாய். நடை கம்பீரமாக இருந்தது. அரைப்புள்ளிகள்கூட உரிய இடத்தில் நின்றன. வாழ்நாள் முழுவதும் லத்தீன் கற்பித்தவள் என்ற முறையில் பாராட்டுகிறேன். அந்தப் பையன் உன் மகள் ஜூடித்தின் மகன், உன் சொந்தப் பேரன் ஆங்கஸ், என்ற ஒரு சிறு விவரம் மட்டும் எங்கேயோ விடுபட்டிருந்தது. விடுபட்டதன் பலன், உங்கள் ஊர்ப் பப்பில் அந்தக் கடிதத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களாம், பாதிரியார் பிரசங்கத்தில் அதை மேற்கோள் காட்டினாராம், கிரிக்கெட் சங்கத்தில் உன்னை ஆயுள் தலைவராக்கக் கை தூக்கினார்களாம், நீயும் அடக்கமாகத் தலையசைத்து ஏற்றுக்கொண்டாயாம். இப்போது வியாழக்கிழமை ஆட்டக்காரர்களின் குடும்ப வரிசையில் ஜூடித்தின் பக்கத்தில் நீ உட்கார்ந்திருப்பதைத் தொலைக்காட்சியில் காட்டிவிட்டால் பப்பில் அத்தனை பேரும் யார் அந்தப் பெண் என்று கேட்பார்கள். ஆகவே உனக்கு இருமல். நன்றாகவே புரிகிறது.

எனக்குப் புரியாதது உன் தர்க்கம். மூன்று கோடைகளுக்கு முன் நதீமை முதன்முதலாக எடுத்தபோது, நீ என் சமையலறையில் நின்று, என் கேக்கை மென்றுகொண்டே சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "இங்க பொறந்துட்டா மட்டும் போதுமாக்கா? ரத்தம்னு ஒண்ணு இருக்குல்ல?" அவன் தகப்பனார் பாகிஸ்தான் பக்கத்து மீர்ப்பூரில் பிறந்தவர் என்பது அன்றைய புகார். இன்று உன் ரத்தமே மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறது. நேற்று நீ சொன்னாய், "ரத்தம் இருந்தா ஆச்சா? எங்க பொறந்தான்னு பாக்க வேணாமா?" பிறந்தவனுக்கு ரத்தம் வேண்டும், ரத்தம் உள்ளவன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இந்த இரண்டு சல்லடையிலும் தப்புகிறவர்களை மட்டும் வைத்து அணி அமைத்தால், மிஞ்சுபவன் நீ ஒருவன். கிராமத்து இரண்டாம் அணிக்கு ஆடி, ஆயுளில் ஒரே ஒருமுறை பதினொரு ஓட்டம் எடுத்தவன்.

பழைய காலத்தின் மேல் எனக்கும் பிரியம் உண்டு, ஆர்னால்டு. நீ மட்டும்தான் அங்கே வளர்ந்தாய் என்று நினைத்துக்கொள்ளாதே. பார்க் அவென்யூ மைதானத்தில் அப்பாவின் பெரிய மழைக்கோட்டுக்கு அடியில் நாம் இருவரும் ஒடுங்கி உட்கார்ந்து, அம்மா கட்டிக் கொடுத்த பன்றிக்கறி அடைத்த ரொட்டியை மாறி மாறிக் கடித்து, ஆறிப்போன தேநீரைக் குடித்து, ஆட்டத்தைப் பார்த்ததைவிட அதிக நேரம் வானத்தைப் பார்த்த அந்தக் கோடைகளை நானும் மறக்கவில்லை. யார்க்ஷயர் மண்ணில் பிறந்தவனுக்குத்தான் யார்க்ஷயர் அணியில் இடம் என்று அன்று இருந்தது. அதற்காகவே நிறைமாத மனைவியை வண்டியில் ஏற்றி எல்லைக்கு இப்பால் ஓட்டிவந்த தகப்பன்மார் இருந்தார்கள். நம் அப்பா அவர்களில் ஒருவர். அதையே நீ பதக்கமாகக் குத்திக்கொண்டு திரிகிறாய். அந்தப் பதக்கத்தைப் பற்றி இப்போது ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது.

நீ பிறந்த அன்று, எல்லைக்கு அப்பால் லங்காஷயரின் ரோச்டேலில் பெரியம்மாவின் சவ அடக்கத்துக்குப் போயிருந்தோம். பிப்ரவரி, கொட்டும் பனி. அம்மாவுக்கு மூன்று வாரம் முன்னதாகவே வலி கண்டுவிட்டது. லங்காஷயரில் பிள்ளை பிறந்தால் அவன் எதிரணிக்காரன் என்று அப்பா மீன்காரரின் வண்டியை இரவல் வாங்கினார். "இன்னும் கொஞ்ச தூரம் பொறுத்துக்கோ" என்றார். "நீங்க வேணா பெத்துக்குங்க, நான் பொறுத்துக்கறேன்" என்றாள் அம்மா. எல்லைக் கல்லைத் தாண்டியதும் முதல் பண்ணை வீட்டில் நீ பிறந்ததாக அப்பா ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் சொல்வார். நடந்தது வேறு. நீ கல்லுக்கு அந்தப் பக்கமே, லங்காஷயரில், மீன் பெட்டிகளுக்கு நடுவே பிறந்தாய். அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள், அப்பா நிறுத்தவில்லை. நீ கத்திக்கொண்டே எல்லையைக் கடந்தாய். பண்ணை வீட்டுக் கதவைத் தட்டி, "இப்பத்தான் பொறந்தான்" என்றார் அப்பா. நான் வண்டியில் இருந்தேன். வியாழக்கிழமை நீ வராவிட்டால் இதை அதே செய்தித்தாளுக்கு எழுதுவேன்.

ஆங்கஸ் நான்கு வருடமாக லீட்ஸில் இருக்கிறான். ஞாயிறுதோறும் என்னிடம் சாப்பிட வருகிறான். உன் வீட்டுக்கு அவனை நீ அழைத்ததில்லை. இந்த வாரம் வந்தவன் உன் கடிதத்தை வெட்டி வைத்திருந்தான். "தாத்தா என்னைப் பத்தி எழுதின மொத லெட்டர், அத்தைப் பாட்டி" என்றான். கேலியாகச் சொன்னானா என்று முகத்தைப் பார்த்தேன், இல்லை. ஜூடித் நேற்று நியூசிலாந்திலிருந்து வந்து சேர்ந்தாள். உன் இருமலைச் சொன்னேன். "பரவால்ல அத்தை, அப்பா சீட்ல என் கோட்டை வச்சுக்கறேன்" என்றாள். நம் அம்மாவின் குரல் அப்படியே.

உன் தக்காளிகள் சிவக்கவும், உன் மார்ச்சளி இளகவும், கூடவே வேறெதுவும் இளகுமானால் அதுவும் இளகவும் வாழ்த்தும்,

உன் அக்கா,
மியூரியல்

பி.கு.: உறையை ஒட்டுமுன் மறுபடி வாசித்தேன். நான் வண்டியில் இருந்தது உண்மை. ரோச்டேல் தாண்டுமுன்பே சாக்குகளுக்கு நடுவில் தூங்கிப்போனதும் உண்மை. விழித்தபோது பண்ணை வீட்டு அம்மாள் எனக்குச் சூடான பால் கொடுத்தாள். நீ அம்மாவின் மடியில் கத்திக்கொண்டிருந்தாய். எந்தப் பக்கம் பிறந்தாய் என்று எனக்குத் தெரியாது. கல் பனியில் புதைந்து கிடந்ததாம். ஆகவே அப்பாவுக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம், அவளிடம் யாரும் கேட்கவில்லை. நீ அப்பாவின் சொல்லை நம்பி யார்க்ஷயர்காரன். ஆங்கஸ் அவன் அம்மாவின் சொல்லை நம்பி இங்கிலாந்துக்காரன். என் மிரட்டல் செல்லாது. நீ வரவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வியாழன் காலை ஜூடித் காருடன் உன் வாசலில் நிற்பாள். மழை வரும் என்கிறார்கள். அப்பாவின் மழைக்கோட்டு உன்னிடம்தான் இருக்கிறது. அதற்கு அடியில் இரண்டு பேர் உட்காரலாம். அதற்கு மட்டும் நான் கண்ணால் கண்ட சாட்சி.