அத்தை கட்டிய நீர்மூழ்கி

நீர்மூழ்கிக் கப்பல் இரண்டாகப் பிளந்தபோது என் கையில்தான் இருந்தது. முன்பாதி வலது கையில், பின்பாதி இடது கையில். நடுவில் நான், வாயைப் பிளந்தபடி.

நிஜக் கப்பல் இல்லை. இரண்டு முழ நீளத்தில் ஒரு மாதிரி. என் மாமியார் இரண்டு வருடமாகப் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பூதக்கண்ணாடியும் மெல்லிய தூரிகையுமாக உட்கார்ந்து கட்டியது. போர்க்காலத்தில் அந்தக் கப்பலில் போன அவருடைய அப்பா திரும்பி வரவே இல்லை. அத்தைக்கு அப்போது ஒரு வயது. அப்பா என்று அவரிடம் இருந்தவை சுவரில் ஒரு புகைப்படமும், மேஜையில் இந்தக் கப்பலும்தான். அன்று மாலை ஐந்து மணிக்குக் கடற்படை அருங்காட்சியகத்திலிருந்து ஆள் வந்து அதை எடுத்துப்போவதாக ஏற்பாடு.

நான் அந்த அறைக்குள் போயிருக்கவே கூடாது. ஜன்னல் காற்றில் அடித்துக்கொண்டது என்று சாத்தப் போனேன். சாத்திவிட்டுத் திரும்பியிருக்கலாம். போர்த்தியிருந்த துணியை விலக்கி, ஒரே ஒரு தடவை என்று தூக்கிப் பார்த்தேன். அவ்வளவுதான்.

அத்தை கப்பல் கட்டும் தளத்தில் முப்பது வருடம் வெல்டிங் பரிசோதகராக இருந்தவர். அவர் தட்டிப் பார்த்து "ம்ஹும்" என்றால், ஆறடி ஆசாமிகள்கூட மறுபேச்சில்லாமல் முதலிலிருந்து ஆரம்பிப்பார்களாம். என்னை முதல்முறை சந்தித்தபோதும் அப்படித்தான் பார்த்தார். தட்டவில்லை, அது ஒன்றுதான் குறை. அவர் வீட்டில் நாங்கள் குடியேறி ஆறு மாதம் ஆகிறது. என்னைப் பற்றி இன்னும் தீர்ப்பு வரவில்லை.

அன்று அத்தை பல் பிடுங்கப் போயிருந்தார். நாலு மணிக்கு வந்துவிடுவார். மணி பன்னிரண்டு. மனைவிக்குப் போன் போட்டேன்.

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். உங்கம்மாவோட கப்பல் உடைஞ்சா என்ன செய்வாங்க?"

எதிர்முனையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. "எவ்வளவு உடைஞ்சா?"

"பேச்சுக்குத்தான்."

"பேச்சுக்கு எவ்வளவு?"

"பாதிப் பாதியா."

"எனக்கு இன்னிக்கு ஆபீஸ்ல நிறைய வேலை இருக்குங்க. வர லேட்டாகும்" என்று வைத்துவிட்டாள்.

ஹார்டுவேர் கடைக்கு ஓடினேன்.

"எதை ஒட்டணும்?" என்றார் கடைக்காரர்.

"கப்பலை."

"தண்ணியில போகுமா?"

"தண்ணிக்கு அடியில போறது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு குட்டிக் குழாயைக் கொண்டுவந்தார்.

"அப்புறம் பிரிக்கணும்னா பிரியுமா?"

"பிரிக்கறதுக்கு எதுக்கு சார் ஒட்டறீங்க?"

ஒட்டினேன். அவசரத்தில் சற்றுக் கோணலாக ஒட்டிக்கொண்டது. கழுத்துச் சுளுக்கு வந்த ஆள் யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது கப்பல். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. கடைக்காரர் நேர்மையான மனிதர்.

சூடு காட்டினால் நிமிரும் என்று தோன்றியது. மனைவியின் ஹேர் டிரையரை எடுத்து வந்து காட்டினேன். கழுத்து அப்படியே இருந்தது. மேல்தளத்துப் பீரங்கி மட்டும் தலையைக் குனிந்துகொண்டது. அதை நிமிர்த்தப் போனேன். பெயர்ந்து வந்து, பசை காயாத என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. தோலோடு பிய்த்தெடுத்து, திரும்ப ஒட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், பின்பக்கம் பார்த்து ஒட்டியிருந்தேன். தன் கப்பலையே குறிவைக்கிற பீரங்கி உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

சுவரிலிருந்து தொப்பி போட்ட அந்த மனிதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புகைப்படத்தைத் திருப்பி வைக்கலாமா என்று யோசித்தேன். அதுவும் கையோடு வந்துவிடுமோ என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் கப்பலின் அடிவயிறு முழுக்கப் பழுப்புப் பழுப்பாகக் கறையும், பச்சையாய்ச் சொரசொரப்பும் இருந்ததைக் கவனித்தேன். டிரையர் சூட்டில் தீய்ந்துவிட்டதோ என்று பதறி, பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். கறை போனது. கூடவே பெயிண்டும் போனது. அத்தையின் சாம்பல்நிறப் புட்டி முக்கால் கப்பலுக்குத்தான் வந்தது. மிச்சத்துக்கு ஜன்னல் கம்பிக்கு அடித்த வெள்ளிநிறப் பெயிண்ட்.

நாலு மணிக்கு அந்தப் போர்க்கப்பல், இப்போதுதான் டப்பாவிலிருந்து எடுத்த பிரஷர் குக்கர் மாதிரி மினுமினுத்தது.

வாசல் கதவு திறந்தது.

அத்தைக்கு ஒரு கன்னம் வீங்கியிருந்தது. வாயில் பஞ்சைக் கடித்திருந்தார்; ஒரு மணி நேரம் பேசக்கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சைகையில் காட்டிவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். வேறு எங்கே போவது?

பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அத்தை, நான்தான். கை தவறி உடைஞ்சுடுச்சு."

அவர் இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினார். இரண்டு விரலை நீட்டிக் காட்டினார்.

"ரெண்டு வருஷ உழைப்பு. தெரியும் அத்தை."

மறுபடியும் தலையாட்டல். இரண்டு கையையும் சேர்த்து வைத்துக் கப்பலைக் காட்டினார். பிறகு கைகளைத் தனித்தனியாகப் பிரித்தார்.

"வேண்டாம் அத்தை. எங்களைப் பிரிச்சுடாதீங்க. என்ன தண்டனைன்னாலும் எனக்கு மட்டும் குடுங்க. அவ பாவம், ஆபீஸ்ல இருக்கா."

அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

அதுவரை அவர் திட்டுவாரோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். அழுகிறாரோ என்று பார்த்ததும் வந்த பயம் வேறு மாதிரி இருந்தது. ஒருவர் அப்பாவை இரண்டாம் முறை மூழ்கடித்தவன் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பான்? ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். பஞ்சைக் காட்டி வேண்டாம் என்றார். அதை நானே குடித்தேன்.

ஐந்து மணிக்கு அருங்காட்சியகத்து ஆள் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு வந்தார். மேஜையில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே மணல் பரப்பியிருந்தது. மணலில் ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு பள்ளங்கள். அவர் பள்ளங்களைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார், பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை தலைப்பை விலக்காமலே என் பக்கம் கையைக் காட்டினார்.

"நான்தான் சார் உடைச்சேன்" என்றேன். "எவ்வளவு மோசம்னு நீங்களாவது நேரா சொல்லிடுங்க. மத்தியானத்திலேர்ந்து யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க."

"நேராவே சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

அவர் கப்பலின் பளபளப்பான வயிற்றை விரலால் தடவி, விரலில் ஒட்டிய வெள்ளிப் பெயிண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீங்க எதையுமே உடைக்கல சார். கடலுக்கடியில நிஜக் கப்பல் ரெண்டாப் பிளந்து, துருப்பிடிச்சு, பாசி படிஞ்சுதான் கிடக்குது. அவங்க அப்பா கிடக்கிற இடம் அச்சு அசலா அப்படியே இருக்கணும்னுதான் அம்மா ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டுச் செஞ்சாங்க, நீங்க அதை ரிப்பேர் பண்ணிட்டீங்க."