டாஷ்போர்டு அம்மாளுக்குப் பதில் சொன்ன குற்றம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நானும் காரும் நலம். வெளியூர் வேலைக்குக் கிளம்பும் முன் நீங்கள் அதில் பொருத்திவிட்டுப் போன, ஓட்டுகிறவர் கண்ணையே கவனிக்கும் கேமரா எங்கள் இருவரையும்விட நலம்.

விஷயத்துக்கு வருகிறேன். காலையில் பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் சாலை உங்களுக்குத் தெரியும். இரு பக்கமும் மரங்கள். இலைகளுக்கு நடுவே விழும் வெயில் கண்ணாடியில் நழுவிக்கொண்டே வரும். வண்டி ஓடுகிறதா மிதக்கிறதா என்றே தெரியாது. மனம் எங்கோ போய்விடும், பார்வையும் மெல்ல மேகத்துக்கு ஏறிவிடும். உடனே டாஷ்போர்டிலிருந்து அந்தக் கேமராவுக்குள் குரலாக இருக்கும் அம்மாள், "கவனம், சாலையைப் பாருங்கள்" என்பாள். ரயில் நிலைய விசாரணைக் கவுண்டரில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்தவன் நான். முகத்தைப் பார்க்காமல் யாருக்கும் பதில் சொல்லிப் பழக்கமில்லை. அவள் பக்கம் திரும்பி, "பாத்துட்டுதாம்மா இருக்கேன்" என்பேன். திரும்பியது குற்றம் என்று மறுபடி "கவனம்" என்பாள். அதற்கும் மரியாதையாகத் திரும்பி, "மன்னிச்சுக்கோம்மா" என்பேன். இப்படியே பேச்சு வளர்ந்து, நேற்றுப் பத்து நிமிடப் பயணத்தில் பதினாறு எச்சரிக்கை. "தாத்தா, அவங்களுக்குப் பதில் சொல்லாதீங்க, சண்டை பெருசாகுது" என்று பின்சீட்டிலிருந்து பேத்தி கெஞ்சுகிறாள்.

அத்தனையும் உங்கள் மனைவியின் போனுக்குப் போய்விடுகிறதாம். "இந்த வாரமும் இப்படின்னா பாப்பாவ வேன்ல அனுப்பிடுவேன்ப்பா" என்று என் மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை, என் நாளில் நாள் என்று சொல்லும்படி இருப்பது அந்தப் பத்து நிமிடம்தான். அதுவும் போனால் மிச்சத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? ஆகவே தயவுசெய்து யாரையாவது அனுப்பி அந்த அம்மாளைக் கழற்றிவிடுங்கள். நான் கேட்டதாக வீட்டில் சொல்ல வேண்டாம்.

உங்கள் உடம்பும் உத்தியோகமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. இன்று காலை நான் வழக்கம்போல எங்கோ மிதந்துகொண்டிருந்தபோது அந்த அம்மாள் கத்தினாள். கத்திய கத்தலில் பதில் சொல்லவே தோன்றவில்லை, பிரேக்கை மிதித்தேன். இரண்டடி முன்னால், கைக்குழந்தையோடு ஒரு பெண் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். அவள் என்னைத் திட்டவில்லை. குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு போனாள். எதையும் கழற்ற வேண்டாம். சாவியை உங்கள் மனைவியிடம் நானே கொடுத்துவிட்டேன். "ஸ்கூலுக்கு நடந்து போனா முக்கால் மணி நேரம் ஆகும் தாத்தா" என்று பேத்தி பயமுறுத்துகிறாள். ஆகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.