வெதுவெதுப்பான தண்ணீர்

மகள் வீட்டில் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு என்னை மறந்திருக்கும் வீட்டம்மாவுக்கு,

பன்றிப் பண்ணையிலிருந்து உன் வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே நான் நலம், தாய்ப்பன்றி நலம், பால்குடி மறந்த குட்டிகள் பதினொன்றும் நலமில்லை. அங்கே எல்லோரும் நலம் என்று மாப்பிள்ளை ஃபோனில் சொன்னார். கூடவே, "அத்தை இன்னும் ஒரு மாசம் இருக்கட்டுமே மாமா" என்றார். "அதுக்கென்ன, தாராளமா இருக்கட்டும்" என்று சொல்லித் தொலைத்தது என் வாய்தான்.

நீ கிளம்பிய அன்றுதானே குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தோம். புரோபயாடிக் பொடி டப்பாவை என் கையில் திணித்து, "தாய்ப்பால் நின்னா குட்டிக்கு வயிறு கெட்டுப்போகும். இதை வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சுத் தீவனத்துல ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய். ஒரு வேளை தவறாமல், கையை விட்டுப் பார்த்துத்தான் கரைத்தேன். நான்காம் நாள் கழிச்சல் ஆரம்பித்தது பார், கொட்டகையைக் கழுவிக் கழுவி என் இடுப்பு கழன்றுவிட்டது, குட்டிகள் எலும்பும் தோலுமாக மூலையில் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தாயைத் தேடிக் கத்தின, பொடி விற்றவனைத் திட்டினேன், டப்பாவைத் திட்டினேன், உன்னையும் கொஞ்சம் திட்டினேன், கடைசியில் மாட்டு டாக்டரம்மாவைக் கூட்டிவந்தேன். நான் அப்போதுதான் பொடி கரைத்து வைத்திருந்த வாளிக்குள் விரலை விட்டவர் துள்ளி உதறினார். "ஐயா, பொடியில இருக்கிறது உசுருள்ள நல்ல கிருமி. குட்டி வயித்துல போய்ப் பெருகணும். இந்தச் சூட்டுல போட்டா எல்லாம் செத்துடும். பத்து நாளா நீங்க பொணத்தைத்தான் கரைச்சு ஊத்தியிருக்கீங்க."

"எனக்கு வெதுவெதுப்பாத்தானே இருக்கு" என்றேன். என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷம் வெல்டிங் பட்டறையில் காய்த்துப்போன கை. "இந்தக் கைக்கு நெருப்பே வெதுவெதுப்புதான். வீட்டுல வேற கை இல்லையா?" என்று கேட்டார். இருந்த கைதான் பஸ் ஏறிப் போய்விட்டதே.

ஆகவே குட்டிகளின் நலன் கருதி நீ உடனே கிளம்பி வருவது நல்லது. உன் குரல் கேட்காமல் அவை தீவனத் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சாயங்காலமானால் கேட்டையே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. எனக்கு ஒன்றுமில்லை, குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். அதுகளைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

பேத்திக்கு முத்தம், மகளுக்கு ஆசி, மாப்பிள்ளைக்கு மரியாதை. ஒரு மாதம் என்று அவர் மறுபடி பேச்செடுத்தால் காதில் விழாத மாதிரி இரு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

பி.கு.: பொய்யோடு கவரை ஒட்ட மனசு வரவில்லை. தண்ணீர்ச் சூட்டை அளந்து பார்க்க டாக்டரம்மா ஒரு தெர்மாமீட்டர் கொடுத்துவிட்டுப் போய் ஒரு வாரமாகிறது. கழிச்சல் நின்றுவிட்டது. பதினொன்றும் தொட்டியை நக்கிக் காலி செய்துவிட்டு இன்னும் கொடு என்று என் காலை முட்டுகின்றன. தாயைக்கூட மறந்தாயிற்று. சாயங்காலம் கேட்டையே பார்த்துக்கொண்டு நிற்பது நான்தான்.